சமதளத்தில் ஐம்பது கஜம்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லைனில் வசிக்கும் என் அத்தைக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சமவெளியில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது கொடுத்தனுப்பிய தாளில் 90 என்று போட்டிருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது போல வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமா அதை லைன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நான்கு மாதம் அத்தை யார் கையையும் பிடிக்காமல் வாசலைத் தாண்டவில்லை.

அந்த 90 பொய்யில்லை. பார்தெல் குறியீடு என்ற அளவுகோலில் கிடைத்த மதிப்பெண் அது. 1965இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநில மருத்துவ இதழில் வெளிவந்து, இன்றுவரை உலகம் முழுவதும் புழங்கும் படிவம். தானே சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது, முகம் கழுவித் தலைவாருவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலத்தை அடக்க முடிவது, சிறுநீரை அடக்க முடிவது, நடப்பது, படியேறுவது என்று பத்து விஷயங்களைப் பார்க்கும். படிக்கு 10 மதிப்பெண். நடைக்கு 15, சமதளத்தில் ஐம்பது கஜம் நடந்துவிட்டால் அந்தப் பதினைந்தும் கைக்கு வரும். அத்தை மருத்துவமனை வராந்தாவில் ஐம்பது கஜம் நடந்துவிட்டார். குளியலில் ஐந்து போனது, படியில் ஐந்து போனது. மற்றதெல்லாம் முழுசாகக் கிடைத்தது.

நீலகிரியில் ஐம்பது கஜம் சமதளம் வேண்டுமென்றால் ஊட்டியின் பழைய குதிரைப் பந்தய மைதானத்துக்குத்தான் போக வேண்டும். அத்தை வீட்டுக்கும் பஸ் நிற்கும் சாலைக்கும் நடுவே 31 கல்படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, இன்னும் நான்கு படி கீழே. ஜூன் பிறந்தால் படியெல்லாம் பாசி. மேரிலாண்ட் படிவத்தில் பத்தில் ஒன்றாக வரும் ஒரு வரிதான் இந்த லைனில் ஒரு மனுஷி வெளியே போவதா, வீட்டுக்குள்ளேயே கிடப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இப்படியோர் அளவுகோலை மலைக்கு ஏற்றபடி யார் திருத்துவது? மருத்துவர் செய்யமாட்டார், அவருக்கு நேரமில்லை. மருத்துவமனை செய்யாது, தாளைக் கொடுத்து அனுப்பியதோடு அதன் கணக்கு முடிந்தது. அரசாணை இதைப் பற்றிப் பேசாது. கேட்டுக்கொண்டே போனால், பொதுமக்கள் அதிகம் கேள்விப்படாத ஓர் அமைப்பின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வட்டாரச் சங்கம்.

பெயரிலேயே தொடங்கும் வழக்கு

இந்தத் துறைக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. தொழில்வழிச் சிகிச்சை என்று சிலர் எழுதுகிறார்கள், செயல்முறைச் சிகிச்சை என்று சிலர். ‘தொழில்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் மெழுகுவத்தி, ஊதுபத்தி, தையல் மெஷின் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘எங்கள் பையனுக்கு என்ன வேலை கற்றுக்கொடுப்பீர்கள்?’ என்று மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் பெற்றோர் உண்டு. இங்கே ஆக்குபேஷன் என்பது சம்பளம் தரும் வேலையை மட்டும் குறிக்கவில்லை. ஒரு மனிதரின் நாளை நிரப்பும் எல்லாமே அதில் அடக்கம். பல் துலக்குவது, சோறு பிசைவது, புடவை கட்டுவது, பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிப்பது, கோயில் திருவிழாவில் முளைப்பாரி தூக்குவது எல்லாம்.

இயன்முறை மருத்துவத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று கேட்பார்கள். முரட்டுத்தனமாகச் சொன்னால், இயன்முறை மருத்துவர் தோளை உயர்த்த வைக்கிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தத் தோளை வைத்து ஜாக்கெட் போட வைக்கிறார். இரண்டு தரப்பிலும் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், எல்லைத் தகராறு பழையது. ஆனால் நோயாளியின் வீட்டில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அத்தைக்குக் கால் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் உருளைக்கிழங்கு நறுக்க முடியவில்லை, கொசுவம் வைக்க முடியவில்லை, தேங்காய் துருவ முடியவில்லை. வீட்டில் அவருக்கிருந்த இடமே போய்விட்டது. ‘சும்மா உட்காருங்கள்’ என்று மருமகள் பாசமாகத்தான் சொன்னாள். அந்தச் ‘சும்மா’ எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவளுக்குத் தெரியாது.

குன்னூரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாதாந்திர முகாமுக்குக் கோவையிலிருந்து வந்த ஒரு தெரபிஸ்ட்தான் கடைசியில் வீட்டுக்கு வந்து பார்த்தார். சின்ன வயசுப் பெண். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: ‘முடியாமல் போவதற்கு முன்னால் காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், அம்மா?’ அத்தை சொல்லத் தொடங்கி ஒரு மணி நேரம் சொன்னார். வெந்நீர் வைப்பது, கோழிக்குத் தவிடு போடுவது, ஏழரைக்கு மலைக்குப் போய்க் கொழுந்து கிள்ளுவது. அத்தையின் வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் முப்பது வருடத் தேயிலைக் கறை ஏறியிருந்தது. கிள்ளாமல் இருந்த நான்கு மாதத்தில் அது வெளுத்துப்போயிருந்ததை அந்தப் பெண் கவனித்தார். எங்கள் யார் கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை.

இந்தத் துறையின் வெற்றி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதன் பெரிய துரதிர்ஷ்டம். அடைத்த ரத்தக்குழாயைத் திறந்துவிட்டால் செய்தியாகும். ஒரு பெண் தானே பொத்தான் போட்டுக்கொண்டார் என்பது செய்தியாகாது. தானாகக் கவனம் பெறாத வேலைக்கு யாராவது வாயாக இருக்க வேண்டும். சங்கம் என்ற ஒன்று இந்தத் தொழிலுக்கு ஏன் தொடக்கத்திலேயே தேவைப்பட்டது என்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வேன்.

கல்லூரிக்கு முன்னால் சங்கம்

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு முறையான கல்வி வேரூன்றும் முன்பே, 1917 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறே பேர் கூடித் தேசியச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் கூட்டி உட்காரவைத்த ஜார்ஜ் பார்ட்டன் மருத்துவரே இல்லை, கட்டடக் கலைஞர். காசநோய்க்காரர், பாதத்தில் ஒரு பகுதி வெட்டப்பட்டவர், இடப்பக்கம் செயலிழந்து கிடந்தவர். தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்தே தன்னை நிமிர்த்திக்கொண்டவர். நோயாளியே சங்கம் கட்டிய வரலாறு மருத்துவ உலகில் அதிகம் இருக்காது.

நம் நாட்டுக் கதைக்கும் ஓர் அமெரிக்கத் தொடர்பு உண்டு. எலிசபெத் லண்டி என்ற அமெரிக்கப் பெண் இந்தியாவுக்கு மருமகளாக வந்து கமலா நிம்ப்கர் ஆனார், கதர் உடுத்தினார், பிலடெல்பியாவில் ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டு 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஆசியாவின் முதல் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில், 1952இல், அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கம் பிறந்துவிட்டது. அதே ஆண்டில் உருவான, இத்துறையின் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. விரல்விட்டு எண்ணக்கூடிய தெரபிஸ்ட்கள் மட்டுமே இருந்த நாடு அப்போதே உலக மேசையில் நாற்காலி போட்டுக்கொண்டது. இன்று அந்தக் கூட்டமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுச் சங்கங்கள் இருக்கின்றன. தேசியச் சங்கத்துக்கு மாநிலக் கிளைகள் உண்டு.

தமிழ்நாட்டில் இந்த எண்ணத்துக்கு வேர் வேலூரில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்குப் பிழைப்பு கிடைக்கவில்லை என்பதைப் பார்த்துத்தான், அவர்களுக்குத் தச்சும் பிற கைவேலையும் கற்றுத்தரும் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். கையைச் சரிசெய்வதும் கைக்கு வேலை கொடுப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை மலைநாட்டில் பிறந்த ஒருவர் கண்டுகொண்டார் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

பதிவேடு போன பிறகு

சங்கம் என்றால் ஆண்டு மாநாடு, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்றுதான் நமக்கு நினைவுக்கு வரும். அதெல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் பல பத்தாண்டுகள் அகில இந்தியச் சங்கம் செய்த முக்கிய வேலை வேறு. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் இல்லாமலே செய்துகொண்டிருந்தது. எந்தக் கல்லூரியின் பாடத்திட்டம் உலகத் தரத்துக்கு வருகிறது என்று பார்த்து அங்கீகாரம் கொடுத்தது. தகுதி உள்ளவர்களைப் பதிவு செய்தது. காரணம், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இருந்தது போன்ற தேசிய அளவிலான சட்டபூர்வக் கவுன்சில் இவர்களுக்கு இல்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் பேச்சுப் பயிற்சியாளரையும் சிறப்பாசிரியரையும் தன் பட்டியலில் சேர்த்தது, இவர்களைச் சேர்க்கவில்லை. டெல்லி 1997இலும் மகாராஷ்டிரம் 2002இலும் தனிச் சட்டம் போட்டுக்கொண்டன. மற்ற இடங்களில் போர்டு மாட்டியவரெல்லாம் தெரபிஸ்ட் என்ற நிலைதான்.

இந்த ஓட்டையின் விலையை யார் கொடுத்தார்கள் என்றால், பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர். வண்ண விளக்கும் ஊஞ்சலும் பந்துத் தொட்டியும் வைத்து, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டால் போதும் என்று நினைக்கும் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. தகுதி என்ன என்று கேட்கப் பெற்றோருக்குத் தெரியாது. கேட்டாலும் சரிபார்க்க ஓர் அரசுப் பதிவேடு இல்லை.

2021இல் நாடாளுமன்றம் துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பத்து வகைத் தொழில்களில் ஆக்குபேஷனல் தெரபியும் ஒன்று. மத்தியில் ஆணையம், மாநிலந்தோறும் கவுன்சில், பதிவேடு, பாடத்திட்டம் எல்லாம் இனி சட்டப்படி. சட்டம் வந்தது, கவுன்சில் வரத் தாமதமானது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அவசரம் எப்படி இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பதிவேடும் அங்கீகாரமும் அரசிடம் போய்விட்டால் சங்கத்துக்கு என்ன மிச்சம்? மாநாடும் பொன்னாடையும்தானா? என் கணிப்பு நேர்மாறானது. தேசிய அளவில் செய்த வேலை கையை விட்டுப் போனால், வட்டாரத்தில் செய்ய வேண்டிய வேலைக்கு இப்போதுதான் கை காலியாகிறது. அந்த வேலை என்ன என்று பார்க்க நீலகிரியை விடச் சரியான இடம் இல்லை.

மலைக்குத் தனிக் கணக்கு

ஆறு வட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் 7,35,394 பேர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசு பட்டியலிட்டிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் இங்கே இருக்கின்றன. படுகர்களின் ஊர்களான ஹட்டிகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் தோட்டக் குடியிருப்புகள், வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு எல்லாம் ஒரே மாவட்டத்தில். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர். மறுவாழ்வுச் சிகிச்சை ஒரு நாள் போய்ப் படுத்துவிட்டு வரும் சமாச்சாரம் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை, ஆறு மாதம் போக வேண்டும். பக்கவாதம் வந்தவர் ஐம்பது கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போய் வந்தால், அன்றைய சிகிச்சையின் பலனை அந்தப் பஸ்ஸே சாப்பிட்டுவிடும்.

ஆகவே வீட்டுக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் சிகிச்சை வருகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடு. அதில் மறுவாழ்வுக்கென்று வீட்டுக்கு வருபவர் இயன்முறை மருத்துவர். அவர் கைகாலை அசைக்கக் கற்றுத்தருவார். அடுப்படியை மாற்றியமைப்பது அவர் பாடத்தில் பெரிய பகுதி இல்லை. ஒரு பணியிடம் அரசாணையில் இல்லை என்றால் அந்த ஆளும் ஊரில் இல்லை. ஆள் இல்லை என்றால், தேவையே இல்லை போலிருக்கிறது என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். இந்த வட்டத்தை உடைக்கத் தனியொரு தெரபிஸ்ட்டால் முடியாது. மனுவைத் தயார் செய்து, செலவுக் கணக்கும் போட்டு, செயலாளர் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து விளக்கி, மூன்று வருடம் சலிக்காமல் அலைய ஓர் அமைப்பு வேண்டும். சலிப்பூட்டும் வேலை. மாநாட்டு மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது.

அடுத்தது அளவுகள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. அத்தை வீட்டு 31 படிக்கு உயரம் சுமார் 18 அடி. பன்னிரண்டால் பெருக்கினால் 216 அடி. அந்த லைனே அவ்வளவு நீளம் இல்லை. விதி தப்பில்லை, அதைவிடச் செங்குத்தாக வைத்தால் நாற்காலி உருண்டுவிடும். அப்படியென்றால் மலையில் சக்கர நாற்காலியை மட்டும் நம்பி ஒரு திட்டம் போடவே கூடாது என்றாகிறது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் முகாம்களில் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிகள் மலையிலும் விநியோகிக்கப்படுகின்றன. மாலை போட்டுப் படம் எடுத்த வண்டியில் ஒன்று, எங்கள் லைனுக்கு மேலே, சாலையோரம் ஒரு வீட்டில் விறகு அடுக்க உதவிக்கொண்டிருக்கிறது. இறக்கத்தில் பிரேக் நிற்காது, ஏற்றத்தில் கை நிற்காது. வாங்கியவர் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

சின்ன விஷயங்களும் உண்டு. கைக்கு அணை (ஸ்பிளின்ட்) செய்யப் பயன்படும் தெர்மோபிளாஸ்டிக் தகட்டை 65, 70 டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளம் போலத் தளர்ந்துவிடும். எடுத்து, நோயாளியின் கையில் படியவைத்து, மணிக்கட்டைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டால் சில நிமிடங்களில் இறுகும். அந்தச் சில நிமிடங்கள்தான் கைவண்ணத்துக்குக் கிடைக்கும் அவகாசம். சென்னையில் பயின்றவர் ஜனவரிக் காலையில் ஊட்டியில் அதைச் செய்தால், கோணம் பிடிப்பதற்குள் தகடு இறுகிப்போகும். கையும் சும்மா இருக்காது. குளிரில் தசை இறுக்கம் கூடும், சுருட்டிக்கொள்ளும். ஜன்னலை மூடி, கையை வெதுவெதுப்பான துணியில் சுற்றி இளக்கிவிட்டு, அதன் பிறகுதான் தகட்டை நீரிலிருந்து எடுக்க வேண்டும். எந்தப் பாடப்புத்தகத்திலும் ‘ஊட்டி’ என்று ஒரு தலைப்பு இருக்காது. இதை ஒருவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டும். கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ தனியாக ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த இன்னொருவர் யார்? மூத்தவரும் இல்லை, கூட வேலை செய்பவரும் இல்லை. பழனி மலைக்காரரும் நீலகிரிக்காரரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள ஒரே வழி, சங்கம் வாராவாரம் கூட்டும் ஒரு மணி நேரத் தொலைபேசி வகுப்பாகத்தான் இருக்க முடியும். ஐந்து நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் மாநாடு நடத்துவதற்கு ஆகும் பணத்தில் இதைப் பல வருடம் நடத்தலாம்.

மாணவர்கள் இன்னொரு வாய்ப்பு. உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரப்படி ஒவ்வொரு மாணவரும் 1,000 மணி நேரம் களப்பயிற்சி செய்தாக வேண்டும். கோவையிலேயே ஆக்குபேஷனல் தெரபிக் கல்லூரி இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை. அந்த ஆயிரத்தில் ஐம்பது மணி நேரம் ஒரு ஹட்டியிலோ பணியர் குடியிருப்பான பாடியிலோ கழிந்தால், படித்து முடித்து வெளியே வருபவர் குறைந்தபட்சம் ‘உங்கள் வீட்டுக்கு எத்தனை படி?’ என்று கேட்கக் கற்றிருப்பார். அங்கீகாரம் அரசிடம் போனாலும், கல்லூரிகளுக்கு இதை எடுத்துச் சொல்லும் தகுதி சங்கத்துக்கு உண்டு.

அதே 1952

ஒரு தற்செயலைச் சொல்லாமல் போக மனமில்லை. மும்பையில் இந்தச் சங்கம் பிறந்த அதே 1952இல்தான், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல்லைக் கண்டார்கள். இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகை முதன்முதலில் அறியப்பட்டது இந்த மலையில்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், முள்ளுக்குறும்பர் குடும்பங்களில் இன்றும் இது பெரிய பாரம். 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்றவை இந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவருகின்றன.

ரத்த நோய்க்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். வளைந்த செல்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ரத்தமில்லாமல் செத்துப்போகலாம். குழந்தைக்கே பக்கவாதம் வரலாம். வலி வந்துவிட்டால் நாள்கணக்கில் எழ முடியாது. குளிரும், நீர் குடிக்காமல் வேலை செய்வதும், உடல் அசதியும் அந்த வலியைக் கூப்பிட்டுக்கொண்டு வருபவை. மூன்றும் மலையில் தோட்ட வேலையோடு ஒட்டிப் பிறந்தவை. மருந்து ஒரு பக்கம் நடக்கட்டும். எந்த நேரத்தில் வேலைக்குப் போவது, எப்போது உட்காருவது, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கை எப்போது மாற்றுவது, எவ்வளவு சுமை தூக்குவது என்று ஒரு நாளைத் திரும்ப நெய்துகொடுப்பது இன்னொரு பக்கம். அது அப்படியே இந்தத் துறையின் வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனங்களின் பட்டியலை 21ஆக விரித்தபோது அரிவாள் செல் நோயையும் சேர்த்தது. சட்டத்தில் இடம் வந்துவிட்டது. சான்றிதழ் வாங்கப் போகும் பணிய இளைஞரின் அன்றாட முடியாமையை மருத்துவக் குழுவுக்குப் புரியும் மொழியில் எழுதித்தர ஆள் வேண்டும். வெளியே பார்த்தால் கையும் காலும் சரியாக இருக்கும் ஒருவர் வருடத்தில் எத்தனை நாள் படுத்துக்கிடக்கிறார் என்பது எக்ஸ்ரேயில் தெரியாது.

அளவுகோலுக்கே திரும்பி வருகிறேன். விரல் திறனைச் சோதிக்க ஒன்பது குழிப் பலகையில் குச்சி செருகச் சொல்வார்கள். நல்ல சோதனைதான். ஆனால் ஒரு தோடப் பாட்டிக்கு, வெள்ளைத் துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல் போட முடிகிறதா என்பதை விடப் பெரிய சோதனை ஏது? இழையை எண்ண வேண்டும், ஊசியை நுனி விரலால் பிடிக்க வேண்டும், கணக்குத் தவறாமல் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கண், கை, நினைவு மூன்றும் ஒரே துணியில். படுகப் பாட்டிக்கு உருளைக்கிழங்குத் தோட்டம், தோட்டத்துக்காரருக்குக் கவ்வாத்துக் கத்தி. இவற்றை அளவுகோலாக்கி, பலரிடம் சோதித்து, எண்ணாக மாற்றி, மற்ற தெரபிஸ்ட்களும் பயன்படுத்தும்படி வெளியிடுவது ஒரு மருத்துவமனையால் ஆகிற காரியம் இல்லை. 1955 முதல் சொந்தமாக ஆய்விதழ் நடத்தும் ஒரு சங்கத்தின் வட்டாரக் கிளைக்கு அது இயல்பாக வரும் வேலை.

அத்தை வீட்டில் அந்தக் கோவைப் பெண் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அரிவாள்மனையை எடுத்துவரச் சொன்னார். ஒரு கையால் நறுக்குவதற்கு வெளிநாட்டில் ஆணி அடித்த பலகை விற்பார்களாம், கிழங்கைக் குத்தி நிறுத்திவிட்டுக் கத்தியால் வெட்டலாம். அரிவாள்மனையில் கத்தி ஏற்கெனவே நிற்கிறது. காயை மட்டும் தள்ளினால் போதும். ‘நமக்கு வீட்டிலேயே இருக்கிறது அம்மா, தரையில் உட்கார முடியாததுதான் பிரச்சினை’ என்றார். அடுப்புத் திண்டின் ஓரத்தில் அதை இரண்டு போல்ட் போட்டு முடுக்கினார் மாமா. இடது கையால் முதல் நாள் பீன்ஸ், ஒரு வாரத்தில் உருளைக்கிழங்கு. கழிப்பறைக்கான நான்கு படிகளையும் மாமா ஒரே உயரத்தில் திரும்பக் கட்டினார்.

31 படிக்கு ஊராட்சியில் மனு கொடுத்தோம். இரண்டு மாதத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி வந்துவிட்டது, படியின் ஒரு பக்கத்தில் மட்டும். அத்தைக்கு இடது கை மட்டுமே பிடிக்கும். ஏறும்போது கம்பி அவருக்கு இடப்பக்கம் இருக்கிறது. இறங்கும்போது அதே கம்பி வலப்பக்கம் போய்விடுகிறது. முதல் நாள் சாலைவரை ஏறிப்போன அத்தையை மாமாதான் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்தார். ‘ஒரு பக்கம்தான் மதிப்பீட்டில் இருந்தது’ என்றார் ஒப்பந்தக்காரர். அந்த மதிப்பீட்டை எழுதியவர் பக்கத்தில் ஒரு தெரபிஸ்ட் உட்கார்ந்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். இப்போது இரண்டாவது மனு போயிருக்கிறது. அதில் கோவைப் பெண் கைப்பட ஒரு படம் வரைந்து, கம்பியின் உயரத்தையும் எழுதி, கையெழுத்துக்குக் கீழே சங்கப் பதிவு எண்ணைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.